பன்னிரண்டு வாய்

"சத்தம் காட்டாத ராசாத்தி. வாயத் தொறந்தே, இன்னையோட நம்ம கதை முடிஞ்சுது."

மலையம்மாள் ராசாத்தியின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கதவுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே தெருமுனையில் ஜீப் வந்து நிற்கிற சத்தம்.

ராசாத்திக்கு என்ன புரிந்ததோ, காதை ஒரு ஆட்டு ஆட்டிக் கொம்பால் அவள் முட்டியை இடித்தது. அடுப்படியிலும் கட்டிலுக்கடியிலுமாக இன்னும் பதினோரு ஆடுகள். கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போன புருசன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்ட பிறகு, மலையம்மாளுக்குக் கஞ்சி ஊற்றுவது இந்தப் பன்னிரண்டும்தான்.

காலையிலேயே ஊராட்சித் தலைவர் நல்லகண்ணு வாசலில் வந்து நின்று குதித்துவிட்டுப் போயிருந்தார்.

"ஏ மலையம்மா, பசுமைக் கிராம விருதுக்குக் கமிட்டி வருது. போன ஐப்பசில ஊரே கூடி கரட்டுல ஐநூறு கன்னு நட்டோம். பள்ளிக்கூடப் பிள்ளைக, மகளிர் குழு, பேண்டு மேளம்னு அம்புட்டுச் சனம். நட்ட மூணாம் நாளே உன் ஆடுக பூந்து மேஞ்சது எனக்கும் உனக்கும்தான் தெரியும்."

"அதுக்கப்புறம் ஒரு நாளாச்சும் அங்கன ஓட்டிருப்பனாய்யா? ஒரு வருசமா அந்தப் பக்கமே போகலையே."

"அந்த நாயமெல்லாம் இப்ப எதுக்கு? இன்னைக்கு அவுக கண்ணுல ஒரு ஆட்டு வாலு பட்டுச்சு, பன்னெண்டையும் மாட்டுப் பவுண்டுல அடைச்சு ஏலம் விட்டுருவேன். எங்கிட்டாச்சும் கொண்டுபோயி மறைச்சு வையி."

எங்கே கொண்டுபோய் மறைப்பது? ஊரில் மற்றவர்களின் ஆடுகள் என்றால், ராத்திரி எங்கள் காட்டில் கிடை போடுங்கள், எருவாகும் என்று தோட்டக்காரர்கள் வீடு தேடி வந்து கூப்பிடுவார்கள். மலையம்மாளைக் கண்டால் மட்டும், "உன் ஆடு படுத்த எடமெல்லாம் முள்ளா முளைக்குது, நீ நட" என்று விரட்டுவார்கள். அதனால்தான் கன்று நடுவதற்கு முந்தின கோடை பூராவும் அந்தப் பொட்டல் கரட்டின் பின்சரிவிலேயே கிடை போட்டாள். தீவனம் வாங்க வக்கேது? குடைவேல மரத்தின் காய்ந்த நெத்துக் காய்களை உலுக்கிப் போட்டு வயிற்றை நிரப்பினாள்.

ஒரு மணி நேரம் போன பிறகு கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். கரட்டின் பின்சரிவைப் பார்த்துவிட்டு மூன்று பேர் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர் ஜெஸ்லின் என்கிற காலேஜ் டீச்சர். கமிட்டிக்கு அவர்தான் தலைவி என்று ஊரெல்லாம் பேச்சு. பாறை இடுக்கில் குனிந்து எதையோ பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

பின்னாலேயே நல்லகண்ணு, வேர்வையைத் துடைத்தபடி. மேலே ஏறவே மாட்டேன் என்று அடிவாரத்தில் நின்றுகொண்ட மனுசன். கன்று ஒன்றுமில்லாத கரட்டை எந்த முகத்தோடு போய்ப் பார்ப்பது? அவருக்கும் பின்னால் பாதி ஊர்.

ஜெஸ்லின் சட்டென்று நின்று, ஊர்க்காரர் ஒருவரிடம் ஏதோ கேட்டுவிட்டு இந்தக் குடிசையைக் கை காட்டினார். மலையம்மாள் பதறிப் பின்வாங்கியதில் பிடி தளர்ந்தது.

"ம்ம்மே..." என்றது ராசாத்தி.

அவ்வளவுதான். கட்டிலுக்கடியிலிருந்து ஒன்று, அடுப்படியிலிருந்து நாலு என்று பன்னிரண்டு வாயும் திறந்துகொண்டன. அடிப்பாவிகளா!

கதவு தட்டப்பட்டது. திறக்காமல் இருக்க முடியுமா? திறந்தாள். ஜெஸ்லின் கைக்குட்டையை விரித்துக் காட்டினார். உள்ளே காய்ந்த ஆட்டுப் புழுக்கை.

"கரட்டுல கிடை போட்டது உங்க ஆடுங்களாம்மா?"

மலையம்மாள் நல்லகண்ணுவைப் பார்த்தாள். அவர் பார்வையிலேயே எரித்துவிடுவார் போலிருந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்படியே ஜெஸ்லின் காலில் விழுந்தாள்.

"எங்க ஆடுதான் தாயி. நட்ட கன்னு அம்புட்டையும் ஒண்ணு விடாமத் தின்னுப்புடுச்சுக. தலைவர் மேல தப்பில்ல. என்னைய என்ன வேணும்னாலும் செய்யிங்க, ஆட்ட மட்டும் பிடுங்கிராதிக."

நல்லகண்ணு கண்ணை மூடிக்கொண்டார்.

"எந்திரிங்கம்மா. நட்டதுல ஒண்ணுகூட இல்லைன்னு பாத்ததுமே தெரிஞ்சு போச்சு," என்றார் ஜெஸ்லின். "அங்க கிடை போட்டப்ப என்ன தீனி போட்டீங்க?"

"குடைவேல நெத்து தாயி. வேற எதுக்கு வக்கிருக்கு?"

ஜெஸ்லின் ஒரு புழுக்கையை விரலால் நசுக்கினார். நடுவில் கெட்டியாக ஒரு விதை இருந்தது.

"அந்தப் பக்கச் சரிவுல எழுநூத்துச் சொச்சம் குடைவேலங்கன்னு முழங்கால் உயரத்துக்கு நிக்குது. விதை ஆட்டு வயித்துல ஊறி, எருவோட விழுந்து, மழைக்கு முளைச்சிருக்கு. அப்புறம் ஒரு வருசம் ஆடு அண்டாததால தப்பிச்சிருச்சு. உங்க ஊருக்குத்தான் விருதுன்னு எழுதிட்டோம்."

கூட்டத்தில் எவனோ விசிலடிக்க, கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

மலையம்மாளுக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. எல்லாரும் ஜீப்புக்குத் திரும்பிய பிறகு நல்லகண்ணு மட்டும் அவளை நோக்கி விறுவிறுவென்று வந்தார். அவள் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டாள்.

அவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஆத்தா மலையம்மா, வர்ற கோடைக்குக் கிடைய கிழக்குக் கரட்டுல போடு."