மடிக்காத சைக்கிள்கள்

"அவங்கவங்க சைக்கிளை அவங்கவங்களே மடிங்க" என்றேன். பயணிகளிடம் இதை மட்டும் சொல்லவே கூடாது என்று விமானம் ஏறும்போதே முரளீதரன் சார் எச்சரித்திருந்தார். மடிக்கக்கூடிய சைக்கிளிலும் ரயிலிலும் ஐரோப்பாவைச் சுற்றிக் காட்டும் சிறு குழுவுக்கு அவர்தான் தலைவர். நான் உதவி வழிகாட்டி. எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி. மடிக்காத சைக்கிளை ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எல்லாரும் வண்டியை என்னிடம் தள்ளிவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள்.

"உனக்குப் பழகின கை, கனி. எங்களுக்கு இதெல்லாம் வருமா?" என்று சிரித்தார் பயணிகளில் ஒருவரான வசுமதி மேடம்.

"வரும் மேடம். கொஞ்சம் குனியணும், அவ்வளவுதான்."

சார் பல்லைக் கடித்தார். "டிகிரி வாங்கினதும் வாய் வந்துடுச்சு. மடிக்கிறியா, ஊருக்கு டிக்கெட் போடவா?"

"நானே போட்டுக்கறேன் சார்."

ரயில் வந்து நின்றது. ஆளுக்கொரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, திறந்த கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவரும் குனியவில்லை. கதவு மூடப்போவதாக ஒலிபெருக்கி சொன்னது. அந்தப் பாஷை அவர்களில் யாருக்கும் தெரியாது. என் சம்பளத்தில் வாங்கிய சைக்கிளை மடிக்காமலே உருட்டிக்கொண்டு நான் ஸ்டேஷனை விட்டு வெளியே நடந்தேன்.