துபாய்க் காது

"எஞ்சின் ஒருநாளும் பொய் சொல்லாது. மனுசந்தான் சொல்லுவான்" என்றபடி ஹென்றி படகுக்குள் காலெடுத்து வைத்தார். வைத்த கால் வழுக்கியது. ஜோஷுவா அவர் கக்கத்தில் கைகொடுத்து நிறுத்தினான்.

துபாயில் இழுவைப் படகில் பதினேழு வருடம் வேலை பார்த்தவர் ஹென்றி. என்ன வேலை என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், எஞ்சின் அறையைக் கூட்டித் துடைத்த வேலை என்று அவர் சொல்லியிருக்கமாட்டார். திசையன்விளைக்குத் தெற்கே கடற்கரையில் எந்த எஞ்சின் இருமினாலும் அவரைத் தேடித்தான் ஆள் வரும்.

தொம்மை வாங்கிய இந்தப் பழைய படகையும் கொல்லம் வரை போய்ப் பார்த்து, "வாங்கு" என்றவர் அவர்தான். உள்ளேயே பதித்த டீசல் எஞ்சின். கோயில் சாமியார் வந்து படகை ஜெபித்து மந்திரித்த மறுநாள் விடியலில், தம்பி ஜோஷுவாவோடு தொம்மை முதல்தடவை கடலுக்குப் போனான். போகிற வழியிலேயே எஞ்சின் நின்றது. குறுக்கே திரும்பிய படகை ஓர் அலை அடித்ததில் தொம்மை கடலில் விழுந்தான். மூன்றாம் நாள் பிணமாகக் கரை ஒதுங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர்க் கமிட்டி கூடுகிறது. பழுது எஞ்சினிலா, ஓட்டியவனிலா என்று ஹென்றி அங்கே சொல்லவேண்டும். எஞ்சினில் என்றால், பார்த்து வாங்கித் தந்தவர் பெயர் கெடும். ஆகவே தீர்ப்பை வீட்டிலேயே எழுதி, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் சோதிக்க வந்திருந்தார்.

தொம்மையின் மனைவி மரியம்மாள் அலையைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவின் பாறைகளில் இறங்கிவந்து, படகில் ஏறி உட்கார்ந்தாள்.

"பொம்பளையாளு படகுல ஏறப்படாது மரியம்மா."

"ஏறாம இருந்தே போயிட்டாவளே அண்ணாச்சி. இனி ஏறுனா என்ன?"

ஹென்றி திருப்புளியின் நுனியை எஞ்சினில் ஊன்றினார். பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக் கண்ணை மூடினார். "ஏலே ஜோசு, சாவியத் திருப்பு."

முதல் திருப்பிலேயே பிடித்தது.

"கருப்புப் புகை வந்தா டீசல் பீச்சுத நாசில். வெள்ளப் புகை வந்தா சிலிண்டர் ஹெட்டு. ஒரு புகையும் வரலன்னா ஓட்டுனவன்" என்றார், கண்ணைத் திறக்காமலே. பத்து நிமிடம் போனது. "கொல்லத்துலேருந்து இங்கன வரைக்கும் ஒரு தும்மலு தும்முச்சா? போதும், நிறுத்து. தொம்மை டீசலப் பாக்காமப் போயிருக்கான்."

"டீசல் கெடந்துச்சு அண்ணாச்சி" என்றான் ஜோஷுவா. "நின்னதும் டேங்க் மூடியத் தொறந்து பாத்தேன். பாதிக்கு மேல இருந்துச்சு. திரும்ப சாவியப் போட்டதும் புடிச்சிட்டு. அதுக்குள்ள அண்ணனக் காணல."

"செத்தவன விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு பேசுத. எனக்கு வெளங்குது லே."

மரியம்மாள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு நிக்கதுக்கு முன்னால எவ்வளவு நேரம் ஓடுச்சு?"

"அரமணி நேரம் இருக்கும் மதினி."

"அப்ப அரமணி நேரம் ஓடட்டும். டீசல் ஊத்தாமச் செத்தவன் மவன்னு எம்புள்ளய நாளைக்குப் பள்ளிக்கூடத்துல கூப்புடுவாவ. அந்தப் பேரு பத்து நிமிசத்துல வைக்கக்கூடிய பேரா?"

ஓடியது. ஹென்றிக்குக் காது வலித்தது. எடுத்தால் மரியாதை போய்விடும் என்று திருப்புளியை அப்படியே வைத்திருந்தார். இருபத்தாறாவது நிமிடம் எஞ்சினின் குரல் மெலிந்தது. இரண்டு தரம் இருமியது. நின்றுவிட்டது.

"நாசில்..." என்று தொடங்கியவருக்குச் சட்டைப் பைக் காகிதம் ஞாபகம் வந்தது. "நாஞ் சொன்னேம்லா, டீசலு. அண்ணனப் போலத்தான தம்பியும் இருப்பான்? மூடியத் தொற."

மூடி லேசில் கழலவில்லை. ஜோஷுவா முறுக்கித் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தது. பாதித் தொட்டி டீசல் வெயிலில் மின்னியது. சாவியைத் திருப்பினான். பிடித்தது.

"அந்த மூடிய இங்கன தா" என்றாள் மரியம்மாள்.

மூடியின் மேற்புறம் தட்டையாக இருந்தது; சுத்தமாகத் துடைத்திருந்தது. நடுவில் ஓர் ஊசித்துளை. வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். வெளிச்சம் வரவில்லை.

"எண்ணெ டின்னுல ஒரு ஓட்டை போட்டா எறங்காது அண்ணாச்சி. காத்துக்கு இன்னொண்ணு போடணும். அடுக்களையில நிக்கிற எனக்கே தெரியும். அன்னைக்கும் மூடியத் தொறந்ததும் புடிச்சிருக்கு, இன்னைக்கும் தொறந்ததும் புடிக்கி. மூச்சு முட்டிச் செத்த எஞ்சின் சத்தம் ஒங்க காதுக்குக் கேக்கலையாக்கும்?"

"கடல் உப்பு அடைச்சிருக்கும்" என்றார் ஹென்றி. குரல் பைய வந்தது.

மரியம்மாள் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் துளையைக் குத்தினாள். ரோஸ் நிறத்தில் ஏதோ பொடிந்து உள்ளங்கையில் விழுந்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"மெழுகு" என்றாள். "ரோஜாப்பூ மணக்கு."

எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

படகை மந்திரித்த அன்று, கோயில் மெழுகுதிரி மதிப்பாக இருக்காது என்று தான் துபாயிலிருந்து கொண்டுவந்த ரோஜா மெழுகுதிரியைக் கொளுத்தி, தட்டையான இடம் தேடி, அந்த மூடியின் மேல் உருக்கி ஒட்டி நிறுத்தியவர் ஹென்றி. அப்போது எடுத்த படம்தான் இன்னும் அவருடைய வாட்ஸ்அப் முகப்பில் இருக்கிறது.