தலைக்குக் கீழே

"அப்பா, அந்தக் கெட்ட மாமா உங்களைத் தூக்கிப் போடும்போது உங்க தலைக்குக் கீழ ஏன் கையை வைக்கிறாரு?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். அதுவரை நானே அதைக் கவனித்ததில்லை. நான் அவருக்கு அப்படி வைத்ததும் இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகளாகக் குஸ்தி மேடையில் நான் நல்லவன், கவுஸ் வில்லன். ஜெயிப்பது நான் என்று முன்பே பேசி முடித்திருப்பார்கள். எதிரிகள் சேர்ந்து டீ குடிப்பதை ஊர் பார்த்துவிடக் கூடாது என்பதால் வெளியே நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

ஒருநாள் மேடையேறும் முன், டிக்கெட் விற்றுப் போட்டி நடத்தும் காண்ட்ராக்டர் என் காதில், "கவுஸ் இன்னிக்கு நிஜமாவே உன் கழுத்தை ஒடிக்கப் போறான். நீ முந்திக்க" என்றார். கவுஸிடம் கேட்க வழியில்லை. மேடையில் அவர் சிரித்ததுகூடச் சந்தேகமாக இருந்தது. முந்திக்கொள்வதற்குள் என்னைத் தூக்கிவிட்டார்.

"தாடையை நெஞ்சோட ஒட்டிக்க, தாஸு" என்று முணுமுணுத்துவிட்டுப் போட்டார். தலைக்குக் கீழே அந்தக் கை இருந்தது.

அடுத்து என் முறை. அவரைத் தூக்கினேன். "கொல்லுடா அவனை" என்று கூட்டம் கத்தியது. அவரோடு சேர்ந்து நானும் சரிந்தேன். யாருக்கும் தெரியாமல், அவர் பிடரி படுவதற்கு முன்பே என் கை மேடைப் பலகையைத் தொட்டது. இரண்டு விரல்கள் நசுங்கின.