கடைசிச் சந்தனம்

ஆயுத பூஜையன்று, தன் ஒர்க்‌ஷாப்பில் நின்ற பைக்குகளுக்கெல்லாம் செண்பகவல்லி சந்தனம் வைத்துக்கொண்டே வந்தாள். கடைசியாக நின்றது அவளுடைய சொந்த வண்டி, அப்பாச்சி. அதன் டேங்கில் இருந்த பெயரை, மாடியில் குடியிருக்கும் அமெரிக்கக்காரி லோரீன் விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது எங்க பழங்குடி ஜனத்தோட பேரு, அக்கா. ராணுவ ஹெலிகாப்டருக்குக்கூட வச்சிருக்காங்க. எங்கள யாரும் கேக்கல."

"சுரண்டி எடுத்துரட்டுமா?"

லோரீன் சிரித்தாள். "வேணாம். எங்க ஊர்லயும் இப்படித்தான் மஞ்சளா மகரந்தம் பூசுவாங்க. ஆனா மனுஷங்களுக்கு."

கிண்ணத்தில் ஒரு விரல் சந்தனம்தான் மிச்சம். செண்பகவல்லி வண்டியைப் பார்த்தாள். பிறகு, "குனி கண்ணு" என்று சொல்லி, அதை லோரீனின் நெற்றியில் அப்பினாள்.

லோரீன் அதில் பாதியை வழித்து ஹெட்லைட்டில் வைத்தாள்.

"இந்த வண்டிக்கு மட்டும் இது நானே குடுத்த பேரு."