சாதுக் குளவி

ஷூஹெய் ஆறு மணிக்கு எழுந்தான். சோறு வைத்து, முதல் கிண்ணத்தை மனைவி மினோரியின் படத்துக்கு முன் வைத்தான். கோழி ஈரலை நறுக்கி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான்.

பாதி மண்ணில் புதைத்த இரண்டு மரப்பெட்டிகள். இரண்டிலும் மண்குளவிக் கூடுகள். அந்த மலையூரில் வீட்டுக்கு வீடு வளர்ப்பார்கள். குளிர் தொடங்கும்போது கூட்டைப் பிரித்து, குளவிப் புழுவைச் சோற்றில் கிளறித் தின்பார்கள்.

தேயிலைச் செடியடியில் இருந்தது அவனும் மினோரியும் பிடித்த கூடு. வெள்ளை நூல் கட்டிய இறைச்சித் துணுக்கோடு பறந்த குளவியை, அதன் கூட்டைக் கண்டுபிடிக்கத் துரத்தி, விழுந்து புரண்டு சிரித்த நாள் அது. பிளம் மரத்தடியில் இருந்தது மாமியார் ஹிசானோ கொடுத்தது. மகளின் கல்யாணம் பிடிக்காமல் மூன்று வருஷம் பேசாதிருந்தவள், இந்த ஜூன் மாதம் அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு வாசலில் வந்து நின்றாள்.

இன்று மினோரி இறந்து நாற்பத்தொன்பதாம் நாள், காரியம் செய்யும் நாள். ஹிசானோ பூவோடு வரவில்லை. பூச்சிமருந்து டப்பாவோடு வந்தாள்.

"இன்னும் தீனி போடறீங்களா மாப்பிள்ளை? என் பொண்ணு போனது போதாதா?"

"வாங்க அத்தை. டீ போடவா?"

"உங்க டீ யாருக்கு வேணும்? ஒரே ஒரு கொட்டு. நீங்க பிடிச்சிட்டு வந்த சனியன்! நான் குடுத்தது சாது. முப்பது வருஷமா வளர்க்கறேன், யாரையாவது தொட்டிருக்கா?"

பிளம் மரத்தடியில் மினோரியின் தொப்பி அன்று விழுந்தபடியே கிடந்தது. ஹிசானோ அதை எடுத்து மண் தட்டினாள். "பயந்து இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கா, பாவி மக. தள்ளுங்க."

அவன் தள்ளி நின்றான். தேயிலைச் செடியடிப் பெட்டிக்குள் மருந்தை அடித்து, ஓட்டையை மண்ணால் அடைத்தாள். உள்ளே கொஞ்ச நேரம் இரைச்சல் கேட்டது.

"தடுக்கக்கூடத் தோணலை, பாருங்க. மரக்கட்டை!" தன் பெட்டியைத் தடவிக்கொடுத்தாள். "இதையாவது ஒழுங்கா பாத்துக்கோங்க. அவ ஞாபகமா இருக்கட்டும்."

வாசல்வரை போனவள் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "கடைசியா அவ 'அம்மா'ன்னு கூப்பிட்டதா சொன்னீங்களே. நெசந்தானா?"

"நெசந்தான் அத்தை."

அம்மா என்றுதான் தொடங்கினாள். வீங்கிய உதடுகளால், மூச்சுக்குத் திணறித் திணறி, முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

"அம்மா குடுத்த கூட்டுக் குளவிதான் கொட்டிச்சு... அவங்களுக்குத் தெரியவே வேணாம்."