அணைக்கக் கூடாத வண்டி

சாவியைத் திருப்பினான்.

உய்ங்ங் என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றியது. எஞ்சின் அசையவில்லை.

முன்னால் ரயில்வே கேட் எழுந்துகொண்டிருந்தது.

மறுபடி திருப்பினான்.

உய்ங்ங்.

பின்சீட்டில் அவன் மனைவி தங்கபுஷ்பம் படுத்திருந்தாள். விடிந்ததிலிருந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அவனுக்குப் பொறுக்கவில்லை. நம் வண்டிதான் வாசலில் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பழைய டீசல் வேன் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அதை அணைக்கக் கூடாது.

ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல், எஞ்சினோடு சேர்ந்த ஃப்ளைவீல் சக்கரத்தின் பல்லைக் கடித்துத் திருப்பினால்தான் எஞ்சின் எழும். இவன் ஃப்ளைவீலில் நாலு விரல் நீளத்துக்குப் பல்லே இல்லை. தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்டது. எஞ்சின் நிற்கும்போது அந்த இடம் மோட்டாருக்கு நேராக வந்துவிட்டால் போச்சு. சனியன், பத்துக்கு ஏழு தடவை அங்கேதான் வந்து நிற்கும்.

கியர்பாக்ஸை இறக்கணும், இரண்டு நாள் வண்டி நிற்கும் என்றான் மெக்கானிக். தக்காளி சீசன் முடியட்டும் என்றான் இவன். அப்புறம் கத்தரிக்காய் வந்தது. அப்புறம் முருங்கை.

டீக்கடையில் அணைக்காமல் டீ குடித்தான். கல்யாண மண்டப வாசலில் அணைக்காமல் விட்டுவிட்டு உள்ளே போய்ப் பாயசம் வரை சாப்பிட்டான். உன் வண்டிக்குத் தூக்கமே கிடையாதா என்று சந்தையில் கேலி பேசினார்கள். அணைத்தே தீர வேண்டுமென்றால் மேட்டில் நிறுத்துவான். உருட்டிவிட்டால் கிளம்பிவிடும்.

இன்னொரு கோளாறும் உண்டு. பின்சீட்டுக்குக் கீழே தகரம் துருப்பிடித்து ஓட்டை. சாக்கைத் திணித்து வைத்திருந்தான். அதையும் மீறிப் புகை உள்ளே வரும். ஏறி உட்கார்ந்ததும் அவள் இருமத் தொடங்கிவிடுவாள். ஆறு வருஷமாக இருமுகிறாள். கொஞ்ச நேரம் சும்மாதான் வாயேன் என்று சில நாள் அவன் கத்தியும் இருக்கிறான்.

கேட்டில் நின்ற பத்து நிமிடத்தில் உள்ளே புகை மண்டியது. அவள் இருமி இருமி, கண் பிதுங்கி, கையை ஆட்டினாள்.

"செத்த அத அமத்துங்க... மூச்சு முட்டுது."

நின்றிருந்தது மேடுதான். தண்டவாளத்துக்கு ஏறும் மேடு. பின்னால் உருட்டிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் அணைத்தான்.

இருமல் குறைந்தது.

பிறகு நின்றது.

திரும்பிப் பார்த்தான். கண்ணை மூடியிருந்தாள். அப்பாடா என்று இருந்தது அவனுக்கு.

அதற்குள் ஒரு பஸ் வந்து அவன் பம்பருக்கு ஒரு சாண் பின்னால் நின்றுகொண்டது. அதன் பின்னால் லாரி. கேட் மூடினால் சாலையின் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு நிற்பதுதான் நம் ஊர் வழக்கம். ஓர் அடி விட்டு நிற்பவன் இளிச்சவாயன்.

அதை அவன் மறந்துவிட்டான்.

இப்போது ரயில் போய்விட்டது. கேட் திறந்துவிட்டது. பின்னால் அத்தனை ஹாரனும் சேர்ந்து அலறியது.

குதித்து இறங்கி பஸ்ஸுக்கு ஓடினான்.

"அண்ணாச்சி, ஒரு பத்தடி பின்னால எடுங்க. உள்ள ஆளு கெடக்கு."

"நான் எங்கவே எடுக்க? பின்னால பாரும்."

பார்த்தான். எறும்பு நுழைய இடமில்லை.

இருக்கிற ஒரு சாண்தான். கியரில் போட்டுத் தள்ளினால் ஃப்ளைவீல் கொஞ்சம் நகரும், பல் உள்ள இடம் வரலாம். கியரைப் போட்டான். முன்பக்கம் வந்து தோளைக் கொடுத்தான். கண்டக்டரும் இறங்கி வந்து கை வைத்தார். வண்டி முனகிக்கொண்டு பின்னால் போய் பஸ்ஸில் முட்டியது.

ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினான்.

உய்ங்ங்.

"எறங்கி வாங்கவே நாலு பேரு!" என்று கண்டக்டர் பஸ்ஸைப் பார்த்துக் கத்தினார்.

நாலு பேர் வந்தார்கள். இந்த முறை முன்னால், மேட்டில் ஏற்றித் தள்ளினார்கள். அவன் கண்ணில் வேர்வை இறங்கி எரிந்தது. அழுகிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

"முப்பிடாதி அம்மா, ஒரு பல்லு. ஒரே ஒரு பல்லு குடு தாயி."

வண்டி ஒரு முழம் ஏறியது. கண்டக்டர் டயருக்குக் கல் வைத்தார்.

ஏறி உட்கார்ந்தான். கியரை எடுத்தான். சாவியைத் திருப்பினான்.

கர்ரக்.

கடித்தது.

எஞ்சின் எழுந்தது. தள்ளியவர்கள் கூச்சல் போட்டார்கள். கண்டக்டர் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். எதிரே வந்த கார்கூட அவனுக்காக ஒதுங்கி வழிவிட்டது.

சாக்கைத் தாண்டிப் புகை வந்தது. வண்டிக்குள் நிறைந்தது. அவனுக்கே தொண்டை கரித்தது.

"கெளம்பியாச்சு புஷ்பம். மூக்கப் பொத்திக்க."

இருமலுக்காகக் காத்திருந்தான்.

"எடும்வே! அதான் வழி கெடக்குல்லா!" என்றார் கண்டக்டர்.

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

கியரைப் போடாமலே ஆக்சிலரேட்டரை மிதித்தான். இன்னும் புகை வந்தது.

காதைத் தீட்டிக்கொண்டு இருந்தான்.

மறுபடி மிதித்தான்.