மூக்கையாவின் முழம்

ராமுத்தாயின் கடையில் மல்லிகை முழத்துக்கு நான்கு விரல் கூடிவிட்டது என்ற செய்தி மூன்றே நாளில் பேகம்பூர் வரை போய்விட்டது.

விஷயம் இதுதான். ராமுத்தாயின் வலது கையில் மாவுக்கட்டு. தெருவில் ஒரு சைக்கிள் இடித்து விழுந்ததில் எலும்பு முறிந்துவிட்டது. முழங்கையை நீட்டிப் பூ அளக்க முடியாது. அதனால் அளப்பவர் மூக்கையா. அவர் கை நீளம்.

“அண்ணன் கையால ஒரு முழம் குடுங்க. ரெண்டு முழம் வாங்க வந்தேன், ஒண்ணே போதும் போல” என்றார் தாஹிரா.

“ஏப்பா, கையைக் கொஞ்சம் சுருக்கி அள. கடையையே அளந்து குடுத்துருவ போலருக்கே!” என்றார் ராமுத்தாய்.

மூக்கையா வெட்கப்பட்டு நான்கு விரலையும் மடக்கினார். பிறகு மனசு கேட்காமல் மறுபடியும் நீட்டிவிட்டார்.

மில்லில் இரவெல்லாம் அறுந்த நூலை முடிச்சுப் போடுகிற கை அது. ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்துவிடுவார். வந்த முதல் நாள் மில் முடிச்சையே பூவுக்கும் போட்டார். மல்லிகைக் காம்புகள் எல்லாம் அறுந்து அவர் மடியில் விழுந்தன. ராமுத்தாய் வலியையும் மறந்து சிரித்த நாள் அது.

இப்போது முடிச்சு இளகிவிட்டது. பூ நாரில் நிற்கிறது.

இன்று வெள்ளிக்கிழமை. மாரியம்மனுக்கு ஒன்பது மணிப் பூஜைக்கு மாலை போக வேண்டும். பத்தொன்பது வருடமாக ஒரு வாரமும் தவறாமல் ராமுத்தாய் கட்டிக் கொடுக்கும் மாலை. கை முறிந்த அன்று அவர் ஆஸ்பத்திரியில் அழுதது வலிக்காக அல்ல. இந்த மாலை நின்றுவிடுமே என்றுதான்.

மணி எட்டேகால். மாலை பாதிதான் ஆகியிருந்தது.

மாலையைக் கோயிலில் சேர்க்கும் அசோக்குமார் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். இன்சூரன்ஸ் ஏஜென்ட். வேலைக்குப் போகிற வழியில் வாராவாரம் அவர் செய்கிற புண்ணியம் அது.

மாவுக்கட்டைப் பார்த்ததும் அவருக்குப் போன வாரத்துக் கோபம் திரும்பி வந்தது.

“இடிச்சவனை இப்படியே விட்டுர்றதாக்கா? என் பைக்குக்கு இன்சூரன்ஸ் இல்லைன்னா ரோட்டுல நிறுத்தி வச்சுக் கேள்வி கேக்குறாங்க. சைக்கிளுக்கு மட்டும் என்ன சலுகை? ரோடும் அதே ரோடு, முறியிற எலும்பும் அதே எலும்பு. சைக்கிளுக்கும் கட்டாயம்னு சட்டம் போடணும்.”

“எங்க வீட்டுல பிள்ளைக பள்ளிக்கூடம் போக மூணு சைக்கிள் நிக்கிது” என்றார் தாஹிரா. “அம்புட்டுக்கும் பாலிசியா? ஆள் பிடிக்க நல்லா வழி கண்டுபிடிச்சிருக்கீங்க!”

அசோக்குமாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. மூக்கையா பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்கண்ணே. நான் சொல்றது நியாயந்தானே?”

மூக்கையா தலையை நிமிர்த்தவில்லை. “கட்டாயம் வேணும் தம்பி. சட்டம் வந்துச்சுன்னா மொத ஆளா நான் எடுப்பேன்.”

“கேட்டுக்கங்க! இவர் மனுசன்.”

“வரட்டும், நல்லதுதான்” என்றார் ராமுத்தாய். “ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி குடுத்துரும். ஆத்தாளுக்கு மாலை? அதை உங்க மேனேஜர் வந்து கட்டுவாரா?”

தாஹிரா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“பேச்சை மாத்தாதீங்கக்கா. அந்த ஆளு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? பேரை மட்டும் சொல்லுங்க. போய் நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்.”

மூக்கையாவின் விரல்கள் நாரிலேயே நின்றுவிட்டன. மாலையில் இன்னும் ஒரு சாண் பாக்கி இருந்தது. அவர் மெதுவாக வாயைத் திறந்தார்.

ராமுத்தாய் இடது கையால் சம்பங்கியை அள்ளி அவர் மடியில் போட்டார்.

“நீ கட்டு தம்பி. மணியாகுது.”

பிறகு அசோக்குமாரைப் பார்த்துச் சொன்னார். “தெரியும். சொல்ல மாட்டேன். வேகமா வந்தது அவரு தப்பு. திரும்பிப் பாக்காம ரோட்டுல எறங்குனது என் தப்பு. நாங்க பேசி முடிச்சாச்சு.”

“உங்களை மாதிரி ஆளுக இருந்தா ஊரு எப்படித் திருந்தும்?” என்று அலுத்துக்கொண்டார் அசோக்குமார்.

எட்டு நாற்பதுக்கு மாலை முடிந்தது. அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

“அருமையா இருக்குண்ணே. அக்காவுக்குக் கூடப்பொறந்த தம்பின்னா இப்படி இருக்கணும்.”

ராமுத்தாய் இல்லையென்று சொல்லவில்லை.

ஒன்பது அடித்ததும் கடையிலிருந்தே மூக்கையாவும் ராமுத்தாயும் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவர் இரண்டு கைகளால், இவர் ஒரு கையால்.

மூக்கையா எழுந்து, சந்துக்குள் நிறுத்தியிருந்த சைக்கிளை வெளியே எடுத்தார். ஏறவில்லை. “ஓரமா வாங்க, ஓரமா வாங்க” என்று எதிரே வருகிறவர்களிடம் சொல்லியபடி தள்ளிக்கொண்டே நடந்தார்.

ராமுத்தாய் மேல் மோதிய நாளிலிருந்து இந்தத் தெருவைத் தாண்டும்வரை அவர் அதில் ஏறுவதே இல்லை.